எக்ஸாஸ்ட் மாற்றிய காரில் எரியும் மஞ்சள் விளக்கு

புது எக்ஸாஸ்ட் போட்ட காரில் நாலைந்து நாள் கழித்து செக் இன்ஜின் லைட் எரிந்தால் பட்டறைகளில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "சென்சார் குழம்பிப்போச்சுண்ணே, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, லைட்ட ஆஃப் பண்ணிரலாம்." மதுரையிலும் இதுதான், கோயம்புத்தூரிலும் இதுதான். இந்தப் பதிவை அந்தப் பதிலை மறுப்பதற்காகவே எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மஞ்சள் விளக்கு பெரும்பாலான நேரங்களில் உண்மையைத்தான் சொல்கிறது. அதை அணைப்பதற்காகச் செய்யப்படும் வேலைகள்தான் காருக்கும் ஊருக்கும் கெடுதல் செய்கின்றன. எக்ஸாஸ்ட் மாற்ற ஆசைப்படுவதில் தப்பே இல்லை. காரின் அடியில் எந்த இடம்வரை கை வைக்கிறோம் என்பதில்தான் சரியும் தப்பும் இருக்கிறது.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபெராரியும் போர்ஷேவும் நம் ஊர் ரோட்டில் கண்ணில் படுவது அபூர்வம். மதுரையை ஒட்டிய பரவை, விளாங்குடி, சமயநல்லூர் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்து இறங்குவது போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., பலேனோ ஆர்.எஸ்., ஐ20 என் லைன், விர்ட்டஸ் ஜி.டி. மாதிரி கார்களில். கொஞ்சம் வசதியானவர்களிடம் ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., பி.எம்.டபிள்யூ எம்340ஐ. இவற்றில் ஐ20 என் லைன் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது; எம்340ஐ சென்னையை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கோக்கப்படுகிறது. நாம் வாங்குகிற, எக்ஸாஸ்ட் மாற்றத் துடிக்கிற இந்தக் கார்கள் அத்தனையும் டர்போ பெட்ரோல். டர்போ காரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் டர்போவுக்கு மிக அருகில், டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சூடு சீக்கிரம் கிடைத்தால்தான் அது சீக்கிரம் வேலையைத் தொடங்கும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதை அங்கே வைக்கிறார்கள். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

காரே தன் புகையைக் கண்காணிக்கும் ஏற்பாடு கலிஃபோர்னியாவில் 1988 மாடல் கார்களோடு வந்தது. அதன் விரிந்த வடிவம் 1996 முதல் அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது, 2001-இல் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. நம் நாட்டில் பி.எஸ். 4 என்ற புகை விதியின்கீழ் வந்த கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. முதல் கட்டம் சென்சார் வயர் அறுந்ததா என்கிற அளவில் பார்த்தது. இரண்டாம் கட்டம்தான் கன்வெர்ட்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா, இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறதா என்பதையெல்லாம் பார்க்கத் தொடங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6, 2023 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம், அதாவது ரோட்டில் ஓடும்போதே எவ்வளவு புகை வருகிறது என்கிற அளவீடு. ஆகவே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கிய எந்த பெட்ரோல் காரிலும் இந்தக் காவல் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு காரில் சைலன்சரை வெட்டி எறிந்தபோது எந்த விளக்கும் எரியவில்லையே என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான். அந்தக் காரில் பார்ப்பதற்கு ஆளே இல்லை.

காவல் எப்படி நடக்கிறது? கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோலைக் கூட்டவா குறைக்கவா என்று இன்ஜினின் கணினியான இ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைச் சுற்றியே இன்ஜின் ஊசலாடிக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பது கன்வெர்ட்டரின் வேலையைப் பார்க்க வைக்கப்பட்டது. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது. கூடவே சீரியம் ஆக்ஸைடு என்ற பொருளும் உண்டு. அதிகமாக வரும் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறையும்போது விடுவிப்பது அதன் வேலை. அதனால் முன்னால் ஊசலாட்டம் இருந்தாலும் கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையில் ஆக்ஸிஜன் ஒரே சீராக இருக்கும். பின் சென்சார் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை காட்டக்கூடியது. கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் சுமார் 0.6, 0.7 என்று அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டர் இல்லையென்றாலோ செத்துவிட்டாலோ முன்னால் நடக்கும் ஊசலாட்டம் அப்படியே பின்னாலும் தெரியும். இ.சி.யூ. அதைப் பார்த்து பி0420 என்ற கோடை எழுதிவைத்துவிட்டு விளக்கை எரியவிடுகிறது. கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்துவிட்டது என்பதுதான் அந்தக் கோடின் பொருள். டவுன்பைப்பை மாற்றி, கன்வெர்ட்டர் இல்லாத வெறும் குழாயைப் போட்ட காரில் இந்தக் கோடு வந்தால் சென்சார் குழம்பிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? அது தன் கடமையைத் துல்லியமாகச் செய்திருக்கிறது.

சரி, டவுன்பைப்பைத் தொடவே இல்லை, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயும் மஃப்ளரும் மட்டும்தான் மாற்றினோம், அதை கேட்-பேக் என்பார்கள், அதற்கும் விளக்கு எரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாற்றிய பகுதியில் சென்சார் எதுவும் இல்லாதபோது விளக்குக்கு என்ன வேலை? இங்கே கை வைத்த விதம்தான் பெரும்பாலும் காரணம், அதிலும் முதல் காரணம் கசிவு. எக்ஸாஸ்ட் குழாய்க்குள் புகை ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வெடிப்புக்கும் ஒரு துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச் சரியாகப் பொருந்தாமல் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த இடைவெளி சென்சாருக்குச் சற்றுப் பின்னால் இருந்தால்கூட ஐடிலிங்கில் அந்தக் காற்று சென்சாரை எட்டும். பின் சென்சாருக்கு இப்படிக் காற்று போனால் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டதாக இ.சி.யூ. நினைக்கும். பின்குழாயை ஆட்டி எடுக்கும்போது டவுன்பைப் இணைப்பு தளர்ந்து, முன் சென்சாருக்குக் காற்று போனால் கதை இன்னும் மோசம். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இ.சி.யூ. கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றத் தொடங்கும். மைலேஜ் விழும், குழாய் வாயில் கரி படியும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே சுட்டுப் பொசுக்கும். கசிவை ஒரு சத்தப் பிரச்னையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கசிவு எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் சூழலில் அது மிகச் சுலபமாக வருகிறது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது. ரப்பர் ஹேங்கரில் சரியாகத் தொங்கவிடாமல் முழுப் பாரத்தையும் ஒரு வெல்டிங்கின் மேல் ஏற்றுவது. தாழ்வாக இறங்கிய குழாய் ஊர் நடுவில் அரசுக் கணக்கில் இல்லாமல் முளைத்த வேகத்தடைகளில் உரசுவது. போட்ட அன்று கசிவே இல்லாத இணைப்பு ஒரு மாத உரசலில் திறந்துகொள்ளும். வேறு சில தப்புகள் கண்ணுக்கே தெரியாதவை. இணைப்பில் கசிவை அடைக்கப் பூசும் சில சிலிக்கான் பசைகளின் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரின் முனையில் படிந்து அதைக் குருடாக்கிவிடும். சென்சாருக்கு ஆகாது என்று தெரிந்தவர்கள் அந்த வகையைத் தொடமாட்டார்கள். வயர் எட்டவில்லை என்று வெட்டி சால்டர் வைத்து நீட்டுவது இன்னொன்று. இந்த சென்சார் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சுத்தமான வெளிக்காற்று வேண்டும், பல வகைகளில் அந்தக் காற்று வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. சால்டர் அந்த இடுக்கை அடைத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றாமலே காரின் அடியில் ஆர்க் வெல்டிங் அடிப்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இ.சி.யூ.வே போய்விடலாம். இவற்றில் எது நடந்திருந்தாலும் விளக்கு எரியும், எரிய வேண்டும்.

இதோடு இப்போது E20 பெட்ரோல் வேறு சேர்ந்திருக்கிறது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரிய குறைந்த காற்று போதும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்றால், இருபது சதவீத எத்தனால் கலந்ததற்கு அது சுமார் 13.5. E20-க்காகச் சரிசெய்யப்படாத கார் அதே பழைய கணக்கில் பெட்ரோல் விட்டால் கலவை மெலிந்துபோகும். முன் சென்சார் அதைக் கண்டுபிடித்து, இ.சி.யூ. சில சதவீதம் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டும். இந்த ஈடுகட்டலுக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர், பல கார்களில் இது இருபது, இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் கலவை மெலிந்திருப்பதாக பி0171 கோடு வரும். E20 ஏற்கெனவே அந்த இடத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டபின், எக்ஸாஸ்ட் கசிவு மீதியைத் தின்றால் விளக்கு எரிவதில் ஆச்சரியம் இல்லை. "பெட்ரோல்தான் காரணம், எக்ஸாஸ்ட் இல்லை" என்று பட்டறைக்காரர் சொன்னால் அது அரை உண்மை. இரண்டும் சேர்ந்துதான் எல்லையைத் தாண்டியிருக்கின்றன, அதில் ஒன்றை நம்மால் சரிசெய்ய முடியும்.

போட்ட அன்றைக்கே எரியாமல் சில நாள் கழித்து ஏன் எரிகிறது என்பது பலரைக் குழப்புகிறது, பட்டறைக்காரருக்கும் அது வசதியான சாக்காகிவிடுகிறது. "நாங்க குடுத்தப்ப லைட் எரியலையே." இ.சி.யூ. ஒரே தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. பெரும்பாலான கோளாறுகளை முதல் ஓட்டத்தில் தற்காலிகமாகக் குறித்துக்கொள்ளும்; அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கை எரியவிடும். மேலும் கன்வெர்ட்டரைச் சோதிப்பதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, கார் ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓட வேண்டும். பரவையிலிருந்து விளாங்குடி வழியாக ஆரப்பாளையம் வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற காரில் அந்தச் சோதனை முடியாமலே போகலாம். சமயநல்லூர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறி, வாடிப்பட்டி, கொடைரோடு என்று சீராக ஓட்டிய பிறகுதான் அது முடியும். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் போகும்போது எரிந்தால் மலையேற்றத்தைக் குறை சொல்கிறார்கள். காரணத்தை அதற்கு முந்தைய வாரமே காரின் அடியில் போல்ட் போட்டு முறுக்கியாயிற்று.

இனி விளக்கை அணைக்கும் வித்தைகளுக்கு வருவோம். முதலாவது ஸ்பேசர். பின் சென்சாரை அதன் இடத்திலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெளியே தள்ளி, சின்ன ஓட்டை உள்ள ஒரு குமிழுக்குள் உட்காரவைப்பது. புகை மந்தமாகத்தான் சென்சாருக்குப் போகும், ஊசலாட்டம் மழுங்கித் தெரியும், கன்வெர்ட்டர் நலமாக இருப்பதாக இ.சி.யூ. நம்பிவிடும். காய்கறி மார்க்கெட்டில் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைப்பதும் இதுவும் ஒரே வேலைதான்: சரக்கை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றுவது. இரண்டாவது ரீமேப். இ.சி.யூ.வின் மென்பொருளிலேயே பின் சென்சார் சோதனையை மூடிவிடுவது. மென்பொருளைக் கொண்டு புகைச் சோதனையை ஏமாற்றுவது என்னவென்று உலகத்துக்கே 2015 செப்டம்பரில் தெரிந்தது. சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடும்படி ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களுக்கு மென்பொருள் எழுதியிருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்தக் கம்பெனி அறிவிக்க நேர்ந்தது. அன்றைக்கு அந்தக் கம்பெனியைத் திட்டிய அதே ஆள், தன் காரில் காசு கொடுத்து அதே வேலையைச் செய்துகொள்வது எனக்கு ஏற்கமுடியாததாக இருக்கிறது.

நெறியை விட்டுவிட்டு வெறும் சுயநலக் கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டம். மஞ்சள் விளக்கு ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எரிவதில்லை. இக்னிஷன் காயில் போகும்போது, இன்ஜெக்டர் அடைக்கும்போது, டர்போ ஹோஸ் கிழியும்போது எல்லாம் அதுதான் எரியும். நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டு என்று பொருள். விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர், கன்வெர்ட்டர் இந்த நிமிடமே உருகலாம், காரை ஓரங்கட்டு என்று பொருள். எக்ஸாஸ்ட் போட்டதிலிருந்தே நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்குப் பழகிவிட்டவர் புதிதாக ஒரு கோளாறு வந்தால் எப்படித் தெரிந்துகொள்வார்? மலிவான ரீமேப்பில் எந்தெந்தக் கோடுகளை மூடினார்கள் என்று எழுதித் தருகிறவர்கள் எத்தனை பேர்? டர்போ இன்ஜினில் கலவை மெலிந்து ஓடினால் பிஸ்டனே ஓட்டையாகும். அதை முன்கூட்டிச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார், அவர் வாயையும் கட்டியாயிற்று.

எதிர்வாதங்களில் மிக வலுவானது பவரைப் பற்றியது, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். டர்போ காரில் டவுன்பைப்பைப் பெரிதாக்கி கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால், டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து அது சீக்கிரம் சுழலும், சரியான ரீமேப்போடு சேர்ந்தால் பவர் நிஜமாகவே கூடும். இதை மறுப்பவர் இன்ஜின் தெரியாதவர். அதே நேரம் கேட்-பேக் மட்டும் மாற்றினால் ஒரு லிட்டர் இன்ஜினில் கிடைக்கும் பவர் ஓட்டுகிறவரின் காலுக்குத் தெரியாத அளவுதான். கிடைப்பது சத்தமும் கொஞ்சம் எடைக்குறைவும். அப்படியென்றால் பவர் வேண்டும் என்பவர் கன்வெர்ட்டரை எடுத்துத்தான் ஆக வேண்டுமா? நடுவில் ஒரு வழி உண்டு. தேன்கூட்டில் துளைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் உள்ள ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர். தரமானது அழுத்தத்தைக் குறைக்கும், புகையையும் ஓரளவு சுத்தம் செய்யும். ஆனால் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் திறன் ஒரிஜினலைவிடக் குறைவாக இருப்பதால் அதற்கும் பி0420 வரலாம். அதோடு ரோட்டில் ஓடும் காரில் கம்பெனி அங்கீகாரம் பெற்ற பாகத்தை மாற்றியதாகத்தான் அதுவும் சட்டத்தின் முன் நிற்கும். பவர் உண்மையிலேயே உயிர் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. டிராக்குக்கென்று ஒரு காரை ஒதுக்கி, ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுகிறவர் கன்வெர்ட்டரை எடுப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

"புகைச் சான்று வாங்கியாச்சே, அதில் பாஸ் ஆயிருச்சே" என்பது அடுத்த வாதம். இந்த வாதத்தை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. பி.எஸ். 4, அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்., 2500 ஆர்.பி.எம்.மில் கார்பன் மோனாக்ஸைடு 0.2 சதவீதம் என்பது வரம்பு. குழாயை ஒழுங்காக உள்ளே விட்டுச் சோதித்தால் கன்வெர்ட்டர் இல்லாத கார் இதில் தேறுவது கடினம். ஆனால் இந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பதே இல்லை. பி.எஸ். 6 பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 0.06 கிராமுக்கு மேல் அதை விடக்கூடாது என்று கம்பெனிக்குக் கட்டுப்பாடு போடுகிற அரசு, கார் ரோட்டுக்கு வந்தபின் அதை ஒருமுறைகூட அளப்பதில்லை. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பது கன்வெர்ட்டரில் இருக்கும் ரோடியத்தின் வேலை. கன்வெர்ட்டர் போனால் இன்ஜினிலிருந்து வருவது அப்படியே வெளியே வரும். அது எரியாத பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து வெயிலில் ஓசோனாக மாறும். மதுரைக்கு எது குறைந்தாலும் வெயில் குறைவதில்லை. தரைமட்ட ஓசோன் ஆஸ்துமாக்காரர்களுக்கு என்ன செய்யும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விஷயம். ஆகவே நம் நாட்டில் நைட்ரஜன் ஆக்ஸைடைத் தடுப்பது நின்றுபோனதைக் கவனித்துச் சொல்ல ரோட்டில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மஞ்சள் விளக்குதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆண்டுச் சோதனையின்போது காரின் கணினியிலேயே ஸ்கேனரைச் செருகிப் படிக்கிறார்கள். கோடை அழித்துவிட்டு வந்தால் சோதனைகள் முடியவில்லை என்று அதுவும் தெரிந்துவிடும். நம் புகைச் சோதனையில் அப்படிப் படிக்கும் வழக்கம் இல்லை. இங்கே ஸ்பேசர் போட்டவரைப் பிடிக்க யாரும் இல்லை என்பது ஸ்பேசர் போடுவதற்கான நியாயம் ஆகிவிடாது.

பரவை மார்க்கெட்டுக்கு விடிய விடிய வருகிற லாரிகளும், கரும்புகை கக்கும் பழைய டீசல் வண்டிகளும் இருக்கும்போது ஒரு கார் என்ன செய்துவிடும் என்பார்கள். லாரி வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிறது. அதன் புகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு கார்தானே என்று ஒருவர் ஒருவராகச் செய்வது சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. டீசல் பிக்கப் டிரக்குகளில் புகைக்கட்டுப்பாட்டைக் கழற்றுவது பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் ஓர் அறிக்கை தந்தது. பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிரக்குகள் அப்படி மாற்றப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து வரும் கூடுதல் புகை, ஒழுங்கான தொண்ணூறு லட்சம் டிரக்குகளை ரோட்டில் கூடுதலாக விட்டதற்குச் சமம் என்று அது மதிப்பிட்டது. ஒவ்வொருவரும் தன் ஒரு டிரக்கை நினைத்துத்தான் அதைச் செய்திருப்பார்கள்.

விளக்கு தப்பாகவும் எரியும் என்ற வாதத்தை ஒரு பகுதி ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோல் மூடி சரியாக மூடாவிட்டால்கூடச் சில கார்களில் எரியும். பின் சென்சார் புகையை நேரடியாக அளப்பதில்லை. ஆக்ஸிஜனைப் பார்த்து ஊகிக்கிறது, ஊகம் சில நேரம் பிழைபடும். ஆனால் பிழையா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கோடைப் படிப்பது, அது எழுதப்பட்ட நொடியில் வேகம், சூடு, ட்ரிம் என்னவாக இருந்தன என்று கூடவே சேமித்து வைத்திருக்கும் தகவலையும் படிப்பது. படிக்காமலே அழிப்பதைத்தான் குற்றம் சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி நிர்ணயித்த விவரங்களிலிருந்து விலகும்படி காரை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. எக்ஸாஸ்ட் விவரம் ஆர்.சி.யில் இல்லையே என்று வாதிடுபவர்கள் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவைப் படிக்க வேண்டும்: அனுமதிக்கப்படாத விதத்தில் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்புகளை மீறி ஓட்டினால் 190(2)-இன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய்வரை அபராதமோ, மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புதுக் கார் விற்பனைக்கு வரும்போது அதன் சத்தத்துக்கு 74 டெசிபல் வரம்பு. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபலுக்குள் சுற்றுச்சத்தம் இருக்க வேண்டும் என்கிறது விதி. கேட்-பேக் வாங்குபவர்களும் இந்த எண்களைப் பார்த்துத்தான் மஃப்ளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் புகைக்கட்டுப்பாட்டைத் தொடும் பாகங்களுக்கு அரசு சோதித்து ஓர் அனுமதி எண் தருகிறது. வாங்குபவர் பெட்டியில் அதைப் பார்த்து வாங்கலாம். அப்படி எண் பார்த்து வாங்கும் வழக்கம் நம் சந்தையில் இல்லாததால் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது.

அந்தப் பொறுப்போடு இதைச் செய்ய விரும்புகிறவர் எப்படிச் செய்யலாம்? எக்ஸாஸ்டைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்கேனர் போட்டு, கோடு ஏதும் இருக்கிறதா, ஃபியூயல் ட்ரிம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ட்ரிம் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் அந்தக் காரணத்தைத் தேடுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும், கம்பெனி ஹேங்கரிலேயே தொங்கும் வகையை, வெட்டாமல் போல்ட் போட்டுப் பொருத்துவதை வாங்குங்கள். கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். சென்சார் வயரைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்ததும், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, குழாய் வாயைத் துணியால் பாதி அடைத்துக்கொண்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்; குமிழ் வந்த இடம் கசிவு. கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் அத்தனையையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கன்வெர்ட்டரையும் எடுத்துவிடலாம் என்று யாராவது வற்புறுத்தினால், அதற்குள் இருக்கும் பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் பழைய இரும்புச் சந்தையில் தனி விலை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பிறகு ஒரு வாரம் ஊருக்குள்ளும், ஒரு தடவை கொடைரோடு வரை சீரான வேகத்திலும் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனர் போடுங்கள். கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் சோதனைகள் முடிந்துவிட்டதாகக் காட்டி, கோடு எதுவும் இல்லாமல், ட்ரிம் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ட்ரிம் மட்டும் ஐந்தாறு சதவீதம் ஏறியிருந்தால், விளக்கு எரியும்வரை காத்திருக்காமல், காரைத் தூக்கி முதலில் டவுன்பைப் இணைப்பைப் பாருங்கள்.